மூன்று பொய் குறைகிறது

கிச்சிப்பாளையத்தில் ஒன்று, குகையில் ஒன்று,
தாதகாப்பட்டியில் மளிகைக்கடை மாடியில் ஒன்று.
மூன்று வாசலிலும் அதே மஞ்சள் பலகை,
அதே எழுத்துப்பிழை:
தண்டல் அர்த்தநாரி அறக்கட்ளை,
இலவசக் கணினி மையம்.
'தண்டலை' எடுத்துவிடலாமே என்றார் வக்கீல்.
உயிலில் இருக்கிறது, எடுத்தால் பணம் வராது
என்றார் பேங்க் மேனேஜர்.
விழுந்துபோன 'ட'வுக்கு மட்டும்
யாரும் வாதாடவில்லை.

ஏன் கம்ப்யூட்டர்?
ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.
பிள்ளை இல்லாத சொத்து, வேறென்ன செய்வார்.
கோயிலுக்குக் கொடுத்தார், வட்டிக்காசு வேண்டாம் என்றார்கள்
(இதை நான் நம்பவில்லை).
எனக்குப் பிடித்தது இது:
நாலு ரோட்டு பிரவுசிங் சென்டரில்
பட்டா நகல் எடுக்கப் போனவரிடம்
தாளுக்கு நாற்பது ரூபாய் கேட்டானாம் ஒரு பையன்.
"அடப்பாவி, உனக்கு நானே பரவாயில்லையேடா."

உயிலில் மூன்று நிபந்தனை.
யாரிடமும் பைசா வாங்கக் கூடாது.
ராத்திரி ஒன்பதுக்கு முன் மூடக் கூடாது,
என் ஆட்கள் பட்டறை விட்டு வருவதே ஆறு மணிக்கு.
வசூல் நோட்டு நாற்பத்தொன்றையும்
ஓர் எழுத்து மாறாமல் கணினியில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆறு மணி.
அந்த நேரத்தில்தான் டிவிஎஸ் ஃபிப்டி
சந்து முனையில் இருமும்.
இன்று அதே ஆறு மணிக்கு
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்த விரலோடு
வருகிறார்கள், நாற்காலி இழுக்கிறார்கள்.
ஹால் டிக்கெட், கேஸ் மானியம், குரூப் ஃபோர்.
எழுந்து போகும்போது பழக்கதோஷத்தில்
பத்து ரூபாயை நாலாய் மடித்து
மேஜை ஓரத்தில் வைக்கிறாள் மாதேஸ்வரி அக்கா.
திருப்பிக் கொடுத்தால் சந்தேகமாய்ப் பார்க்கிறாள்:
"அப்ப எப்பத்தான் கேப்பீங்க?"

இருபத்தாறாம் நோட்டில் என் அம்மா வந்தாள்.
பாவாயி, க/பெ செங்கோடன், தறிக்கூலி.
கையில் நாலாயிரத்து ஐநூறு.
தினம் ஐம்பது, நூறு நாள்.
முப்பத்தேழாம் நாள் கட்டத்தில்
பென்சிலில், குண்டுக் கையெழுத்தில்:
"பாப்பா சொல்லுது, அம்மா ஊருக்குப் போச்சாம்."
பக்கத்தில் அபராதம் ஐந்து.

பாப்பா நான்.
அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தாள்.
அவருக்கும் தெரியும், கால் தெரிந்திருக்கும்.
மிட்டாய் தரவில்லை, மிரட்டவுமில்லை.
எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

பதினோரு கடன். பதினேழு பொய்.
கூட்டிப் பார்த்தேன், எக்செல் நொடியில் சொன்னது:
வட்டி ஐயாயிரத்து ஐநூறு,
அபராதம் எண்பத்தைந்து.
இரும்பு பீரோவில் மானிட்டர் ரசீது இருக்கிறது.
ஒன்று ஐயாயிரத்து அறுநூறு.

பதினைந்து ரூபாய் குறைகிறது.
இன்னும் மூன்று தரம் நான் பொய் சொல்லியிருந்தால்
ஜன்னலோர மானிட்டர்
முழுசாய் எங்கள் வீட்டுடையது.

அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
மையம் இருக்கும் சந்தை விட்டு
இன்றும் பால்வாடி வழியாய்ச் சுற்றித்தான் போகிறாள்.
"குடுத்தது நாம, பேரு அவனுது" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நல்ல மிஷினாடி?" என்றாள்.

நேற்று ராத்திரி எட்டே முக்கால்.
எல்லோரும் போய்விட்டார்கள், ரிஸ்வான் மட்டும்
பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
கடைசிக் கடனின் கடைசி வரிக்குக் கீழே
மூன்று வரி சேர்த்தேன்.
பாப்பா சொல்லுது. ஐந்து.
பாப்பா சொல்லுது. ஐந்து.
பாப்பா சொல்லுது.

கூட்டுத்தொகை ஐயாயிரத்து அறுநூறு.
மூடப் போனால் கேட்கிறது:
மாற்றங்களைச் சேமிக்கவா?

ஓர் எழுத்து மாறாமல் என்றிருக்கிறார்.
வாசலில் ஓர் எழுத்தே இல்லாமல் தொங்குகிறார்.

"அக்கா, பேப்பர் சிக்கிக்கிச்சு, வாங்களேன்."

அக்கா ஊருக்குப் போயிருக்கா என்றேன்,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.